நான்காம் கட்டத்தில் எழுதிய பெயர்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, காலைத் தேநீருக்கு முன்னர், நான் சாகப் பார்த்தேன்.

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் தனியார் கந்தோர் ஒன்றில் டலி கிளாக்காகச் சேர்ந்திருந்தேன். டலி கிளாக் என்றால் மூட்டை எண்ணுகிறவர். விஞ்ச் தூக்கி இறக்கும் ஒவ்வொரு சிலிங்கிலும் எத்தனை மூட்டை வருகிறது என்று பார்த்து, டலி சீட்டில் கோடு போடவேண்டும். நான்கு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே. சிலிங் என்பது மூட்டைகளைக் கட்டித் தூக்கும் தடித்த கயிற்று வலை. அது காற்றில் ஆடும். ஆடும்போது கீழே நிற்கிறவன் விலகவேண்டும்.

அன்று சீமெந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தேன். "தம்பி! தம்பி!" என்று யாரோ கத்தினார்கள். கப்பல் அணையும் மேடையான ஜெற்றியில் தம்பிமார் ஒரு இருபது பேராவது இருப்பார்கள். அத்தனை பேரும் திரும்பினார்கள், நான் திரும்பவில்லை. எண்ணிக்கை பிசகிவிடும் என்ற பயம். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், என் முழுப்பெயரை, ஓரெழுத்துக் குறையாமல் கூப்பிட்டது.

"புவனேந்திரராசா!"

துள்ளி விலகினேன். நான் நின்ற இடத்தை உரசிக்கொண்டு சிலிங் போனது.

விஞ்சுக்கு மேலே இருந்து அதை ஓட்டிய நிசார் நானா சிரித்தார். கிண்ணியாக்காரர். ஜெற்றியில் எல்லாருக்கும் மூத்தவர்.

"அடேயப்பா! இந்தப் பேரக் கூப்பிட்டு முடியிறத்துக்குள்ள சிலிங் தலையில எறங்கிடுமே மகன்!"

ஜெற்றி முழுக்கச் சிரித்தது. கூப்பிட்டது யார் என்று நான் பார்க்கவில்லை. என் காதில் விழுந்தது சிரிப்பு மட்டும்தான்.

அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அதுவரை சிரித்ததில்லை. கட்டைபறிச்சானில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட இடாப்பில் பெயர் பதிந்த முதல் ஆள் நான். என் அப்பாவுக்குப் பிறவியிலேயே கை கொஞ்சம் வளைவு. ஊர் அவரைச் 'சொத்தி' என்றுதான் கூப்பிடும். அவரும் "ஓம்" என்று திரும்புவார். ஆகவே பட்டப்பெயரில் மனம் நோக ஒன்றும் இல்லை என்றே நினைத்து வளர்ந்தேன்.

2. மாப்பிள்ளை

ஜெற்றியில் பட்டப்பெயர் என்பது வேலைச் சாமான் மாதிரி. விஞ்ச் இரைச்சலில் நீண்ட பெயர் எடுபடாது. 'றேடியோ' என்று ஒருவர் இருந்தார், 'பப்படம்' என்று ஒருவர் இருந்தார், தலை நிறைய மயிர் வைத்த 'மொட்டையர்' ஒருவரும் இருந்தார். எல்லாம் நிசார் நானா வைத்த பெயர்கள்.

கப்பல் பக்கம் டலி எடுத்த யோகநாதனுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். உப்புவெளிக்காரர். தாயாருடன் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது கூட. ஓ லெவலோடு நிறுத்தியவர், நான் ஏ லெவல் சித்தியடைந்தவன். ஆனால் ஜெற்றியின் அன்பெல்லாம் அவர் பக்கம் இருந்தது.

"மாப்பிள்ளை, கயிறைப் பாரும்!"

"மாப்பிள்ளைக்கு ஒரு பிளேன்ரீ!"

"மாப்பிள்ளை வந்திட்டார், இனி வேலை ஓடும்!"

எங்கள் மனேச்சர் ராசரத்தினம் சேர் சிரிக்கத் தெரியாத மனிதர். அவர்கூட யோகநாதனைக் கண்டால் இளகிவிடுவார்.

"வாரும் மாப்பிள்ளை, இரும். தேத்தண்ணி குடிச்சனீரோ?"

எனக்குக் கிடைத்தது இது:

"கிளாக்கர், சீட் முடிஞ்சுதோ?"

யோகநாதன் மட்டும் என்னை முழுப்பெயரால் கூப்பிட்டார். மதியம் அவருடைய சீட்டையும் என்னுடையதையும் ஒத்துப்பார்க்க வருவார். "புவனேந்திரராசா, உங்களுக்கு எத்தினை சிலிங்?" என்பார். ஆள் என்னைத் தன்னோடு ஒட்டவிடாமல் தள்ளிவைக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். எண்ணைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒருநாள் வெட்கத்தை விட்டு நிசார் நானாவிடம் சொன்னேன்.

"நானா, வீட்டில என்னை ராசா எண்டுதான் கூப்பிடுறவை. சின்னப் பேர். கூப்பிடச் சுகம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ராசாவா? சாரத்தில சீமெந்து, தலையில சாக்குத் துண்டு... ராசா!"

பக்கத்தில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யோகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. அதையும் நான் கர்வம் என்றுதான் எண்ணினேன். மறுநாள் யாராவது ராசா என்று கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

3. சீட்டின் பின்பக்கம்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

ஒரு காலை, டலி சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு வரிசை போட்டேன். 'மாப்பிள்ளை' என்று யார் கூப்பிட்டாலும் ஒரு வரிசையில் ஒரு கோடு. என்னை யாராவது எந்தப் பெயராலாவது கூப்பிட்டால் மற்ற வரிசையில் ஒரு கோடு. மதியச் சங்கு ஊதியபோது அவருக்கு நாற்பத்துமூன்று. எனக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று, நான் நிழலை மறைக்கிறேன் என்று விலகச் சொன்னது.

அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இரவில் தூங்கப் போகுமுன் அதைப் பார்ப்பேன். அவர் என்ன செய்துவிட்டார், இவர்கள் இப்படி ஆசையாகக் கூப்பிட? மூட்டைதானே எண்ணுகிறார். நானும் மூட்டைதான் எண்ணுகிறேன், அவரைவிடத் திருத்தமாக.

அந்த மாதம் டலி கிளாக்மாருக்கு மேலாக ஹெட் டலியாக இருந்தவர் மகளோடு இருக்கக் கொழும்புக்குப் போனார். மனேச்சர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரில ஒருத்தரைத்தான் போடுவன். துறைமுகப் பாஸ் புதுப்பிச்சு முடியட்டும், சொல்லுறன்." பிறகு யோகநாதனைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, முகம் வாடிக் கிடக்கு? சாப்பிட்டனீரோ?"

அந்தக் கேள்வியிலேயே வேலை யாருக்கு என்று முடிவாகிவிட்டதாக எனக்குப் பட்டது.

4. படிவம்

சண்டைக் காலத்தில் பாஸ் இல்லாமல் துறைமுகத்துக்குள் கால் வைக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பவேண்டும் என்பதால் மனேச்சர் என்னிடம் தந்தார். இருபத்தொன்பது பேருக்கு இருபத்தொன்பது படிவங்கள். முதலாம் கட்டத்தில் முழுப்பெயர். இரண்டாவதில் விலாசம். மூன்றாவதில் அடையாள அட்டை இலக்கம். நான்காவதில், வேறு பெயரால் அறியப்படுபவரா, ஆம் எனில் அந்தப் பெயர்.

அந்த நாட்களில் இரண்டு பெயர் உள்ள ஆள் என்றால் என்ன அர்த்தம் கொள்வார்கள் என்பது ஒரு தடவையாவது சோதனைச் சாவடியில் இறங்கி நின்ற எவருக்கும் தெரியும். வீட்டில் ஒரு பெயர், இயக்கத்தில் ஒரு பெயர். எனக்கும் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதினால், இந்தக் குறிப்பை நான் எழுதுவதில் பயனில்லை.

றேடியோவுக்கு நான்காம் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பப்படத்துக்கும் இல்லை. மொட்டையருக்கும் இல்லை. எனக்கும் இல்லை. இருபத்தெட்டுப் பேருக்கு இல்லை.

யோகநாதனின் படிவம் கடைசியில் வந்தது. பேனையைப் பிடித்துக்கொண்டு நேரம் போக இருந்தேன். அடியில், பொய்த் தகவல் தருவது குற்றம் என்று அச்சடித்திருந்தது. நான் பொய் சொல்லவில்லையே, உள்ளதைத்தானே எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'மாப்பிள்ளை' என்று எழுதினேன். எழுதியபோது, நாற்பத்துமூன்று கோட்டையும் ஒரேயடியாக அழித்த மாதிரி இருந்தது.

எல்லாரையும் போல அவரும் வாசித்துப் பாராமல் ஒப்பம் வைத்தார். "எல்லாம் சரிதானே, புவனேந்திரராசா?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றேன்.

5. கேற்றில்

இருபத்தெட்டுப் பாஸ் வந்தது.

யோகநாதனைத் துறைமுகக் கேற்றில் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் இருந்த சிறிய அறைக்கு அவரைக் கூட்டிப்போனார்கள். படிவம் நிரப்பியவனையும், சிங்களம் தெரிந்த ஒருவரையும் வரச் சொன்னார்கள். நானும் நிசார் நானாவும் போனோம்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். மேசையில் யோகநாதனின் படிவம். நான்காம் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அவர் சிங்களத்தில் கேட்டார், நிசார் நானா தமிழில் சொன்னார்.

"இந்தப் பேர் எங்க வெச்ச பேர் எண்டு கேக்கிறார்."

நிசார் நானாவே சிங்களத்தில், தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, தான்தான் வைத்ததாகச் சொன்னார். ஏன் என்று அதிகாரி கேட்டார். நிசார் நானா சொல்லத் தொடங்கினார். எனக்குச் சிங்களம் அரைகுறை. ஆனால் அந்தக் கதை விளங்கியது.

ஆறு வருடத்துக்கு முன்னர் யோகநாதனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. ஜெற்றி முழுவதற்கும் கார்ட் கொடுத்திருந்தார். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் உப்புவெளிப் பக்கம் பிரச்சினை. பெண் வீட்டார் இரவோடு இரவாக மன்னாருக்குப் போய், அங்கிருந்து படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். சொல்லிக்கொண்டு போகவில்லை. கடிதமும் வரவில்லை. கல்யாண நாளன்று யோகநாதன் லீவை வெட்டிவிட்டு வேலைக்கு வந்தார். ஜெற்றியில் ஒருவருக்கும் என்ன கதைப்பது என்று தெரியவில்லை. அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் நிசார் நானா விஞ்சின் மேலிருந்து, "மாப்பிள்ளை வந்திட்டார்!" என்று கூவினார். எல்லாரும் சிரித்தார்கள். யோகநாதனும் சிரித்தார். அன்றிலிருந்து அந்தப் பெயர்.

அதிகாரி யோகநாதனைப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். நிசார் நானா யோகநாதன் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பேர் உனக்கு விருப்பமா எண்டு கேக்கிறார்."

"இல்லை," என்றார் யோகநாதன். "அது என்ர பேர் இல்லை, நானா. ஆக்கள் கூப்பிடுவினம். நான் திரும்புவன். திரும்பாட்டில் சிலிங் தலையில விழும்."

என்ன சொல்கிறான் என்று அதிகாரி மேசையைத் தட்டினார். ஆறு வருடமாக அந்தப் பெயரைக் கூவிய வாயாலேயே நிசார் நானா அதைச் சிங்களத்தில் சொல்லவேண்டியிருந்தது. விஞ்சுக்கு மேலே கேட்கும் அவருடைய குரல் அந்தச் சின்ன அறையில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பினார். மற்றப் படிவங்களை விசிறி போல் விரித்துக் காட்டினார். இருபத்தெட்டு 'இல்லை'. இவனுக்கு மட்டும் ஏன்? இவனைப்பற்றி உனக்கு வேறு என்ன தெரியும்?

அப்போதுதான் என் கையெழுத்து என்ன செய்திருக்கிறது என்று முழுதாகக் கண்டேன். மற்றவர்களுக்கும் பட்டப்பெயர் இருக்கிறது என்று சொன்னால் இருபத்தெட்டுப் பாஸும் போய்விடும். சும்மா இருந்தால், நான் எதையோ ஒளிக்கிறேன், அது யோகநாதனைப் பற்றியது என்று ஆகிவிடும். அந்த அறையிலிருந்து அவரை எங்கே கொண்டுபோவார்கள் என்று சொல்ல முடியாது. அப்படிப் போன சிலரை நாங்கள் எல்லாரும் அறிவோம். சொல்வதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"பொறாமையில எழுதினனான்," என்றேன்.

நிசார் நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன?"

"சொல்லுங்கோ நானா. பொறாமை. எல்லாரும் அவரை ஆசையாக் கூப்பிடுறீங்கள். என்னை ஒருத்தரும் கூப்பிடுறேல்லை. ஹெட் டலி வேலையும் அவருக்குத்தான் போகும் எண்டு நினைச்சனான். அதாலதான் எழுதினனான். வேற ஒண்டும் எனக்குத் தெரியாது."

சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். இரண்டு வரிசைக் கோடுகள். அது என்ன என்று அதிகாரி கேட்க, நான் சொல்ல, நிசார் நானா மொழிபெயர்த்தார். அதிகாரி கோடுகளை விரலால் எண்ணிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அந்தச் சீட்டைப் படிவத்தோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தினார்.

மனேச்சரிடமிருந்து ஒரு கடிதம், ஒரு புதுப் படிவம், இரண்டும் கொண்டுவர வேண்டும், பாஸ் வரும் வரைக்கும் உள்ளே வர முடியாது என்றார். வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

யோகநாதன் என்னைப் பார்க்கவில்லை.

6. வெளியே

கேற்றுக்கு வெளியே மூவரும் நின்றோம். யோகநாதன் சைக்கிளின் பூட்டைத் திறந்தார்.

"மாப்..." என்று தொடங்கிய நிசார் நானா நிறுத்திக்கொண்டார். "நான் உன்னச் சிரிக்க வெக்கத்தானே வாப்பா..."

"தெரியும் நானா."

"அப்ப ஏன் ஆறு வருசமா ஒரு வார்த்த செல்லல்ல?"

"நீங்கள் ஆசையா வைச்சனீங்கள். ஆசையாக் கூப்பிடுற ஆளிட்ட எப்பிடி வேண்டாம் எண்டு சொல்லுறது? ஆர் கூப்பிட்டாலும் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும்."

ஒரு காலைக்குள் நாற்பத்துமூன்று தடவை, என்று நான் நினைத்தேன்.

நிசார் நானாவின் கோபம் போக இடமில்லாமல் என் மேல் வந்தது. "டேய், உன்ன ஒருத்தரும் கூப்பிடுறல்லயெண்டா சொன்ன? உனக்கும் நாங்க ஒரு பேர் வெச்சிருக்கம். நீ அங்கால போனாச் சரி, ஜெற்றி முழுக்க அதுதான் கத! கேக்கிறியா? செல்லட்டா?"

"நானா, வேண்டாம்," என்றார் யோகநாதன். "விடுங்கோ."

அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். இவ்வளவும் செய்தவனுக்கு அந்த நோவு வரக்கூடாது என்று நினைக்க ஒரு மனிதனால் எப்படி முடிகிறது? அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

7. பதினெட்டு நாள்

மறுநாள் புதுப் படிவத்தை எடுத்துக்கொண்டு உப்புவெளிக்கு பஸ்ஸில் போனேன். யோகநாதன் வாசலில் நின்றபடியே வாங்கினார். நான் நான்காம் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். பேனையைக் கொடுத்தேன். கதவில் தாளை வைத்து, 'இல்லை' என்று அவரே அழுத்தி எழுதினார். பேனை முனை தாளைக் கிழித்துவிடும் போல இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். "கடிதம் எப்ப குடுப்பினம்?" என்றுதான் அவர் கேட்டார்.

பாஸ் வரப் பதினெட்டு நாள் எடுத்தது. அதற்குள் அடுத்த கப்பல் வந்துவிட்டது. கேற்றில் நடந்ததை மனேச்சரிடம் நானே சொன்னேன். ஹெட் டலி வேலையை அவருக்காக வைத்திருக்கும்படியும் கேட்டேன்.

"செய்யிறதைச் செய்துபோட்டு இப்ப எனக்குப் புத்தி சொல்லுறீரோ? ஆள் உள்ளுக்கு வர ஏலாது. கப்பல் நிக்காது. நீர்தான் பாக்கவேணும்."

நான் விரும்பியது கிடைத்தது. ஆறு மாதம் அதைச் சுமந்தேன். மனேச்சருக்கு என்னிடம் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது, வேலையை மாற்றும்படி நானும் கேட்டேன். அடுத்த பாஸ் புதுப்பித்தலோடு வேலையை யோகநாதனுக்கு மாற்றினார். அதில் என் பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

பதினெட்டு நாள் கழித்து அவர் திரும்பி வந்த காலையை மட்டும் சொல்லவேண்டும். ஜெற்றி மௌனமாக இருந்தது. அவரை என்னென்று கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறு வருடத்துக்கு முந்திய அந்தக் காலையும் இப்படித்தான் இருந்திருக்கும். விஞ்சின் மேலிருந்த நிசார் நானா அவரைக் கண்டார். எழுந்து நின்றார்.

"யோகநாதன்!" என்று கூவினார். "கப்பல்ல ரெண்டாம் ஹச் மூடி தொறந்திருக்கு! வாங்க!"

அந்த இரைச்சலிலும் அது நன்றாகவே கேட்டது. யோகநாதன் கையை உயர்த்திவிட்டு என்னிடம் வந்தார். நான் டலி சீட்டுகளை நீட்டினேன். தலை நிமிரவில்லை.

"புவனேந்திரராசா," என்றார் அவர், இரைச்சலுக்கு மேலாக. "பின்னால பாருங்கோ, சிலிங் வருகுது."

விலகினேன். விலகும்போதுதான் அந்த உரத்த குரலை அடையாளம் கண்டேன். முதல் நாள் காலை, மனேச்சர் ஒரே ஒரு தடவை சொன்ன என் நீண்ட பெயரைக் கேட்டு, ஞாபகம் வைத்து, ஓரெழுத்துக் குறையாமல் கூப்பிட்டவர் அவர்தான். இத்தனை மாதமும் தள்ளிவைப்பு என்று நான் எடுத்துக்கொண்டது, தனக்குக் கிடைக்காத மரியாதையை அவர் எனக்குத் தந்துகொண்டிருந்தது.

இப்போது பாஸ் படிவங்களை நான்தான் நிரப்புகிறேன். புதிதாகக் கிளாக்காக வருகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். ஆளை ஜெற்றியில் இறக்குமுன் கேளுங்கள்: "சத்தத்துக்குள்ள உங்களை என்னெண்டு கூப்பிடுறது?" அவர் சொல்லும் பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதையே கூப்பிடுங்கள். சிலிங்குக்கு முன்னர் சொல்லி முடிக்கலாம், நான் உயிரோடு இருக்கிறேன். ஒருவர் சிரித்துக்கொண்டு திரும்புகிறார் என்பதை வைத்து அவருக்கு விருப்பம் என்று கோடு போடாதீர்கள். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது, ஊர் கூப்பிடும் பெயர் விருப்பமா என்று அப்பாவிடமும் கேட்டேன். "கூப்பிட்டால் போகத்தானே வேணும்," என்றார்.

ஜெற்றி எனக்கு வைத்த பெயர் என்னவென்று நான் இன்றுவரை கேட்கவில்லை. யோகநாதனும் சொல்லவில்லை.